புகையிலை பாடம் செய்தல்

புகையிலை பாடம் செய்தல் என்பது, அறுவடை செய்த பச்சைப் புகையிலையை வாட்டி, நிறம் மாறச் செய்து, உலர்த்தி, பயன்படுத்துவதற்கும் சேமித்து வைப்பதற்கும் ஏற்றதாக மாற்றும் முறையாகும். இது பதப்படுத்தல், பதனிடல் எனவும் அழைக்கப்படுகின்றது. இலையில் உள்ள நீரை நீக்குவது மட்டுமே இதன் நோக்கம் என்று பலரும் கருதுவர். உண்மையில், இலை உயிருடன் இருக்கும் கடைசிச் சில நாட்களில் அதனுள் நிகழும் வேதி மாற்றங்களே பாடத்தின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. விரைவாக உலர்ந்த இலை பச்சையாகவே நின்றுவிடும். மிகவும் மெதுவாக உலர்ந்த இலை கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேகத்தைக் காப்பதே இத்தொழிலின் அடிப்படையாகும். பெரிய கொட்டில்களில் மட்டுமன்றி, ஓர் அலமாரி அளவிலான சிறு அறைகளிலும் இது செய்யப்படுகின்றது.

சொற்பொருள்

தமிழில் "பாடம் செய்தல்" அல்லது "பாடம் பண்ணுதல்" என்பது, அழியக்கூடிய பொருள் ஒன்றைக் கெடாத நிலைக்குக் கொண்டுவருவதைக் குறிக்கும். தோலைப் பதனிடுவதற்கும், புகையிலையைப் பதனிடுவதற்கும், விலங்குகளின் உடலைக் கெடாமல் வைப்பதற்கும் இச்சொல் வழங்குகின்றது. பாடம் முடிந்த இலை, ஒடியாமல் மடியும் அளவுக்கு ஈரத்துடன் இருப்பதைப் "பதம்" என்பர்.

இலையில் நிகழும் மாற்றங்கள்

பச்சைப் புகையிலையில் 80 முதல் 90 விழுக்காடு வரை நீர் உள்ளது. செடியிலிருந்து பறித்த பின்னரும் இலையின் உயிரணுக்கள் உடனடியாக இறப்பதில்லை. வேரிலிருந்து நீரும், ஒளிச்சேர்க்கையிலிருந்து உணவும் கிடைக்காத நிலையில், அவை தமது சேமிப்பையே செலவிட்டுச் சுவாசிக்கின்றன. இப்பருவத்தில் பின்வரும் மாற்றங்கள் நிகழ்கின்றன.

- பச்சையம் சிதைகின்றது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமிகளான கரோட்டினாய்டுகள் வெளித்தெரிகின்றன.
- மாப்பொருள் நொதிகளால் சர்க்கரையாக மாறுகின்றது. இலை நீண்ட நாள் உயிருடன் இருந்தால், இச்சர்க்கரையும் சுவாசத்தில் செலவாகிவிடும்.
- புரதங்கள் அமினோ அமிலங்களாக உடைகின்றன.
- உயிரணுக்கள் இறந்து அவற்றின் சவ்வுகள் உடையும்போது, இலையில் ஈரம் மிகுந்திருந்தால் பாலிபீனால் சேர்மங்கள் காற்றிலுள்ள ஆக்சிசனுடன் வினைபுரிந்து பழுப்பு நிறத்தைத் தருகின்றன. வெட்டிய வாழைக்காய் கறுப்பதும் இத்தகைய வினையே.

ஆகவே, இலையை எப்போது இறக்கவிடுவது என்பதே பாடம் செய்பவரின் முதன்மையான முடிவு ஆகும். மஞ்சளான உடனே ஈரத்தை நீக்கி உயிர்ச்செயலை நிறுத்தினால், சர்க்கரை மிகுந்த மஞ்சள் இலை கிடைக்கும். பல வாரங்கள் மெல்ல உலரவிட்டால், சர்க்கரை ஏறத்தாழ முழுவதும் தீர்ந்த பழுப்பு இலை கிடைக்கும். இவை இருவகைப் பண்டங்கள்; ஒன்று நல்லது, மற்றது கெட்டது என்பதில்லை.

முறைகள்

காற்றில் உலர்த்தல்: நிழலும் காற்றோட்டமும் உள்ள கொட்டிலில் இலைகளையோ முழுச் செடிகளையோ தொங்கவிடுவர். இது 4 முதல் 8 வாரங்கள் வரை நீடிக்கும். பர்லி வகையும், சுருட்டுப் புகையிலை பலவும் இவ்வாறு பாடம் செய்யப்படுகின்றன.

வெயிலில் உலர்த்தல்: செடிகளை வெட்டி, வயலிலேயே வாடவிட்டு, பின்னர் கம்புகளில் தொங்கவிட்டு வெயிலில் உலர்த்துவர். தமிழ்நாட்டில் மெல்லும் புகையிலைக்கு இம்முறை பெருவழக்காக உள்ளது. துருக்கி, கிரேக்கம் ஆகிய நாடுகளின் சிற்றிலைப் புகையிலையும் வெயிலில் உலர்த்தப்படுவதே.

சூட்டில் உலர்த்தல்: மூடிய கொட்டிலுக்கு வெளியே உள்ள அடுப்பில் தீ மூட்டி, தகரக் குழாய்கள் வழியாகச் சூட்டை மட்டும் உள்ளே செலுத்துவர். புகை இலையைத் தொடுவதில்லை. 5 முதல் 7 நாட்களில் பாடம் முடியும். வெண்சுருட்டுக்குப் (சிகரெட்) பயன்படும் வர்ஜீனியாப் புகையிலை இவ்வகையைச் சேர்ந்தது.

புகையில் உலர்த்தல்: இலைகளுக்கு அடியிலேயே மெல்லப் புகையும் தீ மூட்டுவர். இலைக்குப் புகையின் மணமும் கருநிறமும் ஏறும். யாழ்ப்பாணப் புகையிலை இவ்வகைக்குத் தமிழர் நன்கறிந்த எடுத்துக்காட்டாகும்.

வரலாறு

அமெரிக்கக் கண்டத்துப் பயிரான புகையிலை, போர்த்துக்கேயர் மூலம் இந்தியாவிற்கு வந்தது. 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கு அதன் பயன்பாடு பரவத் தொடங்கியிருந்தது.

சூட்டு முறையின் தோற்றம் பற்றிப் பரவலாகக் கூறப்படும் செய்தி ஒன்று உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள காஸ்வெல் கவுண்டியில், 1839 ஆம் ஆண்டு, ஸ்டீபன் சிலேடு என்னும் அடிமைத் தொழிலாளி கொட்டிலைக் காவல் காத்தபோது உறங்கிவிட்டார். தீ அணையும் நிலையில் விழித்த அவர், கரியை இட்டுத் திடீரென்று சூட்டைக் கூட்டினார். இலைகள் கறுப்பதற்கு மாறாகப் பொன்மஞ்சள் நிறம் பெற்றன என்பர். மஞ்சளான இலையின் ஈரத்தை உரிய நேரத்தில் விரைந்து நீக்கினால் அந்நிறம் நிலைத்துவிடும் என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகின்றது.

இந்தியாவில் 1920களில் குண்டூர்ப் பகுதியில் வர்ஜீனியாப் புகையிலைச் சாகுபடியும் சூட்டுக் கொட்டில்களும் வேரூன்றின. 1947 இல் இராசமுந்திரியில் நடுவண் புகையிலை ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. அடுத்த ஆண்டு, இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூரில், சுருட்டுப் புகையிலைக்கென ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. பின்னர் அங்கு மெல்லும் புகையிலையும் ஆராயப்பட்டது.

தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் வழங்கிய முறைகள்

தமிழ்நாட்டில் திண்டுக்கல், ஈரோடு, கோயம்புத்தூர் முதலிய பகுதிகளில் மெல்லும் புகையிலையும், திண்டுக்கல்லைச் சூழ்ந்த பகுதியில் சுருட்டுப் புகையிலையும் விளைந்தன. வட்டக்கப்பல், ஊசிக்கப்பல் என்பன இங்கு வழங்கிய வகைகளுட் சில. உறையூரில் உருட்டப்பட்ட திருச்சிராப்பள்ளிச் சுருட்டு 19 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து வரை புகழ்பெற்றிருந்தது.

வெயிலில் உலர்ந்த இலையை அப்படியே விற்பதில்லை. அதனைக் குவியலாக அடுக்கி மூடிவைப்பர். குவியலுக்குள் தானாகச் சூடு பிறந்து இலை புளிக்கும். சூடு மிகாமல் இருக்க, சில நாட்களுக்கு ஒரு முறை குவியலைக் கலைத்து, மேலுள்ள இலை நடுவிலும் நடுவிலுள்ளது மேலும் வருமாறு மாற்றி அடுக்குவர். மெல்லும் புகையிலைக்குப் பனைவெல்லக் கரைசல் தெளிக்கும் வழக்கமும் உண்டு.

யாழ்ப்பாண வகைப் புகையிலையின் பாடம் இதனினும் நீண்டது. வாடிய இலைகளைச் சிறு கட்டுகளாகக் கட்டிப் புகையூட்டும் குடிலில் வரிசை வரிசையாகத் தொங்கவிடுவர். தென்னை மட்டை, பனையோலை போன்றவற்றை எரிய விடாமல் புகையவிட்டு, ஏறத்தாழ 12 மணி நேரம் புகையூட்டுவர். பின்னர் இறக்கி மூன்று நாட்கள் குவித்து வைத்து, மீண்டும் புகையூட்டுவர். இறுதியில் உப்பு நீரில் நனைத்து, மூன்று நான்கு வாரங்கள் குவியலில் புளிக்க வைப்பர். இப்புகையிலை ஒல்லாந்தர் காலத்தில் திருவிதாங்கூருக்குப் பெருமளவில் ஏற்றுமதியானது. ஊர்ப்பெயர் திரிந்து "ஜாப்பாணம்" என்றே கேரளத்தில் அது அறியப்பட்டது. 20 ஆம் நூற்றாண்டில் இவ்வணிகம் படிப்படியாகத் தேய்ந்தது.

சிறு பாட அறை

நூற்றுக்கணக்கான கிலோ இலை கொள்ளும் சூட்டுக் கொட்டிலின் அதே கோட்பாட்டில், சில கிலோ இலைக்கான சிறு அறையும் இயங்கும். வெப்பம் வெளியேறாத சுவர், இலை தொங்கக் கம்புகள், அடியில் காற்று நுழையும் வாய், மேலே ஈரக்காற்று வெளியேறும் திறப்பு, புகையற்ற வெப்ப மூலம், நீர்த் தட்டு, வெப்பமானி ஆகியவை இதன் உறுப்புகள். மரப்பலகை, செங்கல், பழைய குளிர்பதனப் பெட்டியின் கூடு முதலியவற்றைக் கொண்டு இவ்வறைகள் அமைக்கப்படுகின்றன. இரு திறப்புகளையும் வேண்டியவாறு மூடித் திறக்க இயல வேண்டும். ஏனெனில் சூட்டைக் கூட்டுவதைவிட ஈரத்தைக் கட்டுப்படுத்துவதே கடினமானது.

ஈரத்தை அறிய இரண்டு எளிய வெப்பமானிகள் போதும். ஒன்று உலர்ந்திருக்கும். மற்றதன் குமிழைச் சுற்றி நனைந்த துணித் திரி இருக்கும். திரியிலிருந்து நீர் ஆவியாவதால் ஈரக் குமிழ் குறைந்த அளவைக் காட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிதாக இருந்தால் காற்றில் ஈரம் மிகுதி என்றும், பெரிதாக இருந்தால் வறட்சி மிகுதி என்றும் பொருள்.

சூட்டு முறைப் பாடம் மூன்று கட்டங்களைக் கொண்டது.

1. மஞ்சளாக்கல்: 32 முதல் 38 பாகை செல்சியசு வெப்பம், 85 விழுக்காட்டுக்கு மேற்பட்ட சார் ஈரப்பதம். திறப்புகள் ஏறத்தாழ மூடியிருக்கும். உலர் குமிழ் 35 பாகையும் ஈரக் குமிழ் 33 பாகையும் காட்டினால் ஈரப்பதம் சரியாக உள்ளது எனலாம். இக்கட்டம் ஒன்றரை முதல் இரண்டு நாட்கள் வரை, சிலவேளை அதற்கு மேலும் நீடிக்கும்.
2. நிறம் நிறுத்தி இலை உலர்த்தல்: இலை மஞ்சளாகி வாடிய பின்னர் திறப்புகளைச் சிறிது சிறிதாகத் திறந்து, வெப்பத்தை 50 பாகை வரை மெல்ல உயர்த்துவர். இதன் முடிவில் இலைப்பரப்பு உலர்ந்துவிடும். நடு நரம்பு மட்டும் ஈரமாக இருக்கும்.
3. நரம்பு உலர்த்தல்: வெப்பம் 70 பாகையைச் சற்றுத் தாண்டும் வரை உயர்த்தப்படும். நடு நரம்பு வளையாமல் "படக்"கென ஒடிந்தால் பாடம் முடிந்தது. நரம்பில் எஞ்சும் ஈரம் பின்னர் இலைக்குள் பரவி, சேமிப்பில் பூஞ்சைக்கு வழிவகுக்கும்.

இதன் பின்னர் இலையைத் தொட்டால் நொறுங்கும். திறப்புகளைத் திறந்து, ஈரக்காற்று பட்டுப் பதம் வந்த பிறகே இறக்குவர்.

வறண்ட ஊர்களில் எழும் சிக்கல்

தருமபுரி மாவட்டத்துக் கடத்தூர் போன்ற, கடலிலிருந்து தொலைவில் அமைந்த ஊர்களில், தை மாதத்திற்குப் பின் பகற்காற்றில் ஈரம் குறைந்துவிடும். தமிழ்நாட்டில் புகையிலை அறுவடையாகும் காலமும் அதுவே. பகலில் 35 பாகை வெப்பமும் 30 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றை அறைக்குள் விட்டு 38 பாகைக்குச் சூடாக்கினால், அதன் சார் ஈரப்பதம் ஏறத்தாழ 25 விழுக்காடாகக் குறையும். மஞ்சளாக்கலுக்குத் தேவையானதோ 85 விழுக்காடு. எனவே இத்தகைய ஊரில், முதற்கட்டத்தில் சிறு அறையின் வேலை இலையைச் சூடாக்குவதன்று. இலை அவசரமாக உலர்ந்துவிடாமல் தடுப்பதே ஆகும். அறையை இலையால் நெருக்கமாக நிரப்புதல், தரையை நனைத்தல், ஈரச் சாக்கைத் தொங்கவிடுதல், திறப்புகளை மூடிவைத்தல் ஆகியவை இதற்கான வழிகள். இலை தானே வெளிவிடும் நீராவியே முதன்மையான ஈர மூலம் என்பதால், பாதி நிரம்பிய அறையில் பாடம் கெடுவது எளிது.

அதே வறட்சி மூன்றாம் கட்டத்தில் நன்மையாகின்றது. பதம் வருவிப்பதற்கு மட்டும் பின்னிரவையும் விடியற்காலைப் பனியையும் எதிர்பார்க்க வேண்டும். உலர்ந்த புகையிலையை விடியலில் கையாள்வதற்கு இதுவே காரணம்.

அறையில் புளிக்க வைத்தல்

காற்றிலோ வெயிலிலோ உலர்ந்த இலையைப் பெருங்குவியலாக அடுக்கினால்தான் உள்ளே போதிய சூடு பிறக்கும். சில கிலோ மட்டும் உள்ளவர்களுக்கு இது இயலாது. அவர்கள் அதே சிறு அறையில் 45 முதல் 50 பாகை வெப்பத்தையும் ஏறத்தாழ 70 விழுக்காடு ஈரப்பதத்தையும் 4 முதல் 6 வாரங்கள் வரை தொடர்ந்து காத்து, குவியலில் நிகழும் மாற்றங்களை ஒத்த விளைவைப் பெறுகின்றனர். அம்மோனியா நெடி எழுந்து, பின்னர் அடங்குவது இம்மாற்றங்கள் முன்னேறுவதன் அறிகுறியாகும்.

பொதுவான பிழைகள்

- இலை பச்சையாகவே உலர்தல்: முதற்கட்டத்தில் வெப்பத்தை முன்கூட்டி உயர்த்தியதால் அல்லது ஈரம் குறைந்ததால் நேர்வது. உலர்ந்துவிட்ட பச்சையைப் பின்னர் மாற்ற இயலாது.
- வெந்து கறுத்தல்: இலை ஈரமாக இருக்கும்போதே வெப்பத்தை வேகமாகக் கூட்டியதால் உயிரணுக்கள் வெந்து பழுப்பேறுவது.
- பூஞ்சை பிடித்தல்: காற்றோட்டமின்மை, அல்லது நரம்பு முழுவதும் உலராமை.
- ஒரே அறையில் வெவ்வேறு நிறம்: முதிர்ந்த இலையையும் இளம் இலையையும் கலந்து தொங்கவிடுதல். புகையிலையின் அடி இலைகள் முதலில் முதிர்வதால், பழுத்தவற்றை மட்டும் பல தடவைகளில் பறிப்பதே இதற்குத் தீர்வு.

விறகுச் செலவு

நூறு கிலோ பச்சிலையில் 85 கிலோ நீர் இருப்பதாகக் கொண்டால், பாடம் முடிந்து பதமான நிலையில் ஏறத்தாழ 15 கிலோ இலையே எஞ்சும். 85 கிலோ நீரை ஆவியாக்கத் தேவையான வெப்பம், சிறிதும் வீணாகாவிட்டால், சுமார் 14 கிலோ காய்ந்த விறகில் கிடைத்துவிடும். ஆயினும் பழைய வகைக் கொட்டில்களில் ஒரு கிலோ உலர்ந்த இலைக்கு 4 முதல் 5 கிலோ விறகு செலவாகின்றது. அதாவது 15 கிலோ இலைக்கு 60 முதல் 75 கிலோ. வேண்டியதைப் போல மூன்று நான்கு மடங்கு வெப்பம், சுவர், கூரை, புகைபோக்கி ஆகியவற்றின் வழியே வெளியேறிவிடுகின்றது. ஆந்திரப் பிரதேசம், கருநாடகம் ஆகிய மாநிலங்களில் கொட்டில் விறகுக்காக மரங்கள் வெட்டப்படுவது நெடுங்காலச் சிக்கலாகும். கூரைக்கு வெப்பக்காப்பு இடுதல், மேம்பட்ட அடுப்பு, வேளாண் கழிவு எரிபொருள், சூரிய வெப்பம் முதலியவை மாற்றுகளாக முயலப்பட்டுள்ளன.

பாடம் செய்வோருக்கான இடர்கள்

பனியிலோ மழையிலோ நனைந்த பச்சிலையைக் கையாளும்போது நிக்கோட்டின் தோல் வழியே உடலில் ஏறும். தலைசுற்றல், வாந்தி, தலைவலி, தளர்ச்சி ஆகியவை ஏற்படும். இது "பச்சைப் புகையிலை நோய்" எனப்படும். புகைக்கும் பழக்கம் இல்லாதவர்களையும் சிறுவர்களையும் இது எளிதில் தாக்கும். கையுறையும் நீள்கைச் சட்டையும் அணிவதும், இலை உலர்ந்த பின் பறிப்பதும் தற்காப்பாகும்.

மூடிய அறைக்குள் கரி அல்லது விறகை நேரடியாக எரித்தால் கார்பனோராக்சைடு சேரும். நிறமும் மணமும் இல்லாத இவ்வளி, உள்ளே நுழைபவரை எச்சரிக்கையின்றிக் கொல்லக்கூடியது. காய்ந்த இலை சூட்டுக் குழாய் மீது விழுவதால் கொட்டில்கள் தீப்பிடிப்பதும் உண்டு. அதனால் குழாய்க்கு மேல் கம்பி வலை கட்டுவர்.

பாட முறையும் நச்சுப் பொருள்களும்

வீட்டில் விளைந்து வீட்டிலேயே பாடம் செய்த புகையிலை தீங்கு குறைந்தது என்னும் நம்பிக்கை தவறானது. நிக்கோட்டின் இலையிலேயே உள்ளது. புற்றுநோய் விளைவிக்கும் நைட்ரசமைன்களோ பெரும்பாலும் பாடத்தின்போதும் சேமிப்பின்போதுமே உருவாகின்றன. ஈரமும் இளஞ்சூடும் உள்ள நிலையில் நுண்ணுயிர்கள் இலையின் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்ற, அது நிக்கோட்டின் முதலியவற்றுடன் வினைபுரிகின்றது. எரிவளியை நேரடியாகக் கொட்டிலில் எரித்தபோது, அதிலிருந்து வெளிவந்த நைட்ரசன் ஆக்சைடுகளும் இதே விளைவைத் தந்தன. இதனால் 2000 ஆம் ஆண்டை ஒட்டி ஐக்கிய அமெரிக்காவில் கொட்டில்கள், எரிவளிப் புகை இலையைத் தொடாத அமைப்புக்கு மாற்றப்பட்டன. புகையில் பாடம் செய்த இலையில் புகையின் நச்சுகளும் சேர்கின்றன. புகைக்கும் புகையிலை, புகையற்ற புகையிலை இரண்டையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மாந்தருக்குப் புற்றுநோய் விளைவிப்பவையாக வகைப்படுத்தியுள்ளது. எந்தப் பாட முறையும் புகையிலையைத் தீங்கற்றதாக்குவதில்லை.

சட்டமும் வரியும்

பிரித்தானிய இந்திய அரசு 1943 இல் புகையிலைக்கு உற்பத்தி வரி விதித்தது. வரி இலையின் மீதே விழுந்தமையால், சிற்றூர்களில் பாடம் செய்வோரும் அரசின் கணக்குக்குள் வந்தனர். ஆலைப்பொருளாக மாற்றப்படாத இலையின் மீதான இவ்வரி 1979 இல் நீக்கப்பட்டது.

1975 ஆம் ஆண்டின் புகையிலை வாரியச் சட்டத்தின்படி, 1976 சனவரி 1 அன்று குண்டூரைத் தலைமையிடமாகக் கொண்டு புகையிலை வாரியம் அமைந்தது. வர்ஜீனியாப் புகையிலை பயிரிடுவோர் இதில் பதிவு செய்தல் வேண்டும். சூட்டுக் கொட்டில்களுக்கும் உரிமம் தேவை. புகையிலைப் பொருட்களின் விளம்பரத்தையும் விற்பனையையும் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. உலக நலவாழ்வு அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா 2004 இல் ஏற்றது. புகையிலையை நம்பி வாழும் உழவர்க்கும் தொழிலாளர்க்கும் மாற்று வாழ்வாதாரம் ஏற்படுத்துவதை ஊக்குவிக்க வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கையின் கூறுகளுள் ஒன்றாகும்.